தாய்ப்பாசத்துக்கு எத்தனை பிகோகிராம்?

சிசேரியன் முடிந்த நான்காம் நாள் என் தங்கை போனில் அழுதாள். தையல் வலிக்காக அழவில்லை. கர்ப்பமாக இருந்தபோது காசு கட்டி ஒரு பிரசவ வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே சொல்லியிருக்கிறார்கள்: சுகப்பிரசவத்தில்தான் ஆக்ஸிடோசின் வெள்ளமாகப் பெருகும், அந்த வெள்ளத்தில்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் பாசம் ஊறும், கத்தி வைத்து எடுத்துவிட்டால் அந்தத் தருணம் போனது போனதுதான். பிள்ளையைப் பார்த்தால் பொங்கிக்கொண்டு ஒன்றும் வரவில்லை, தூக்கம்தான் வருகிறது என்றாள். "எனக்கு அந்த ஹார்மோன் சுரக்கலையாக்கா? ரத்தம் குடுத்தா டெஸ்ட்ல தெரிஞ்சிருமா?" நான் உயிர்வேதியியல் படித்தவள், சில வருடம் ஆய்வகத்தில் வேலையும் பார்த்தவள். அதனால் என்னிடம் கேட்டாள்.

தெரியாது, அப்படி ஒரு டெஸ்ட் இல்லை என்றேன். நான் மழுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். போனில் சொல்லி முடிக்க முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன். அவளுக்காக மட்டும் இல்லை. அந்த வகுப்பை நடத்துகிறவர்களுக்காகவும், 'அன்பு ஹார்மோன்' என்று வாட்ஸப்பில் படம் போட்டு அனுப்புகிறவர்களுக்காகவும்தான்.

ஆக்ஸிடோசின் ஒன்பதே அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு. மூளையின் ஹைப்போதலாமஸில் உருவாகி, பிட்யூட்டரி சுரப்பியின் பின்மடல் வழியாக ரத்தத்தில் இறங்குகிறது. பிட்யூட்டரிச் சாறு பூனையின் கருப்பையைச் சுருங்க வைக்கிறது என்று 1906இல் ஹென்றி டேல் எழுதினார். அதன் பெயருக்குக் கிரேக்கத்தில் விரைவான பிரசவம் என்று பொருள். வின்சென்ட் து விக்னோ 1953இல் அதன் அமைப்பைக் கண்டறிந்து, ஆய்வகத்தில் செய்தும் காட்டினார். 1955இல் வேதியியல் நோபல் அவருக்குப் போனது. கருப்பையைச் சுருக்கும், மார்பில் சுரந்த பாலை இறக்கும்: இந்த இரண்டு வேலையிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு நிற்காமல் போகும் உதிரத்தை நிறுத்தி எத்தனையோ பெண்களைப் பிழைக்க வைத்திருக்கும் மருந்து அது. அதோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

சண்டை மூன்றாவதாக ஒட்டவைக்கப்பட்ட வேலையோடு. 1979இல், பிள்ளை பெறாத பெண் எலிகளின் மூளைக்குள் ஆக்ஸிடோசினைச் செலுத்தினால் அவை அந்நியக் குட்டிகளைத் தாய்போலப் பராமரிக்கின்றன என்று ஓர் ஆய்வு வந்தது. பிறகு ஜோடி பிரியாமல் வாழும் வோல் என்கிற புல்வெளி எலிகள் வந்தன. 2005இல், மூக்கில் ஆக்ஸிடோசின் தெளித்துக்கொண்டவர்கள் அந்நியரை நம்பிக் கூடுதலாகப் பணம் கொடுக்கிறார்கள் என்று 'நேச்சர்' இதழில் வந்தது. பால் ஜாக் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 2012இல் இதை 'ஒழுக்க மூலக்கூறு' என்றே பெயரிட்டுப் புத்தகம் போட்டார். நம்பிக்கை ஆய்வு 2020இல் முன்பதிவு செய்த முறைப்படி மறுபடி நடத்தப்பட்டபோது பழைய முடிவு கிடைக்கவில்லை. அந்தச் செய்தி என் வாட்ஸப்புக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இது வெறும் பாசக் கதையாக நின்றிருந்தால் விட்டுவிடலாம். நிற்கவில்லை. 2006இல் ஜார்ஜ் புஷ் அரசு, ஏழைப் பெண்களுக்குக் கருத்தடை வசதி தரும் திட்டத்தை மேற்பார்க்க எரிக் கெரோவாக் என்ற மகப்பேறு மருத்துவரை நியமித்தது. திருமணத்துக்கு முன் பலரோடு உறவு கொள்ளும் பெண்ணுக்கு ஆக்ஸிடோசினின் பலம் குறைந்துபோய், பிறகு ஒருவரோடு நிலையாக ஒட்ட முடியாமல் போகும் என்று பேசியும் எழுதியும் வந்தவர் அவர். எதிர்ப்பு கிளம்பி, சில மாதங்களில் 2007இல் பதவி விலகினார். நம் ஊரில் 'கெட்டுப்போனவள்' என்று வேப்பமரத்தடியில் சொல்வார்கள். அங்கே அதையே ஹார்மோன் பெயரால் சொன்னார்கள். எவ்வளவு குறைந்தது, யாருடைய ரத்தத்தில், எதை வைத்து அளந்தீர்கள் என்று கேட்டால் பதில் கிடையாது.

அளப்பது எப்படி என்பதற்குத்தான் இனி வருகிறேன். பெண்ணியக் கட்டுரையில் சோதனைக்குழாய்க்கு என்ன வேலை என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாக வரவும். நம்மைப் பற்றிய தீர்ப்புகள் எழுதப்படுவது அந்தக் குழாய்களுக்குள்தான்.

ரத்தத்தில் துளியினும் துளியாக ஓடும் ஹார்மோனை அளக்க முடியும் என்று காட்டியது ஒரு பெண். ரோசலின் யாலோ, இயற்பியல் படித்தவர். முனைவர் படிப்புக்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது எல்லாப் பாடத்திலும் 'ஏ' வாங்கி, ஒளியியல் ஆய்வக வகுப்பில் மட்டும் 'ஏ மைனஸ்' வாங்கினார். பெண்களுக்கு ஆய்வக வேலை வராது என்பதற்கு இதுவே சாட்சி என்றார் துறைத் தலைவர். அதே பெண் நியூயார்க்கின் பிராங்க்ஸில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில், துப்புரவுப் பொருள்கள் வைக்கும் அறையாக இருந்த இடத்தைத் தன் ஆய்வகமாக்கிக்கொண்டார். சாலமன் பெர்சன் என்ற மருத்துவர் அவரோடு சேர்ந்தார்.

கதிரியக்க அயோடின் ஒட்டிய இன்சுலினை நோயாளிகளுக்குச் செலுத்தி, அது ரத்தத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று இருவரும் பார்த்தார்கள். ஏற்கெனவே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வந்தவர்களிடம் அது நெடுநேரம் தங்கியது. மாட்டு இன்சுலினுக்கு எதிராக அவர்கள் உடல் ஆன்டிபாடியை, அதாவது எதிர்ப்பொருளை, உண்டாக்கியிருக்கிறது, அது இன்சுலினைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்றார்கள். அன்றைய நிபுணர்கள் நம்பவில்லை. இன்சுலின் போன்ற சின்னப் புரதத்துக்கு எதிராக உடல் ஆன்டிபாடி செய்யாது என்பது அவர்கள் வேதம். 'சயின்ஸ்' இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. அடுத்த இதழும் முதலில் மறுத்தது. பிறகு தலைப்பிலிருந்து 'ஆன்டிபாடி' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'இன்சுலினைப் பிணைக்கும் குளோபுலின்' என்று மாற்றிய பிறகுதான் 1956இல் அச்சேறியது. யாலோ அந்த மறுப்புக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்து, 1977இல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே எடுத்துக் காட்டினார். பெர்சன் 1972இலேயே இறந்துவிட்டிருந்தார்.

அந்த ஆன்டிபாடியையே அளவுகோலாக்கியதுதான் ரேடியோ இம்யூனோ அஸ்ஸே. கல்யாண வீட்டு நாற்காலி விளையாட்டு மாதிரி. நாற்காலி, அதாவது ஆன்டிபாடி, குறைந்த எண்ணிக்கையில் இருக்கிறது. கதிரியக்க அடையாளம் போட்ட ஹார்மோனைத் தெரிந்த அளவில் விடுகிறோம். பிறகு ரத்த மாதிரியை ஊற்றுகிறோம். அதிலிருக்கும் அடையாளமில்லாத ஹார்மோன் போட்டி போட்டு நாற்காலியைப் பிடிக்கும். அடையாளம் போட்டது எவ்வளவு வெளியே தள்ளப்பட்டது என்று எண்ணினால், மாதிரியில் எவ்வளவு இருந்தது என்று தெரிந்துவிடும். கதிரியக்கத்துக்குப் பதில் நிறம் மாற்றும் நொதியைப் போட்டால் எலிசா.

இந்த விளையாட்டில் ஒரு நிபந்தனை உண்டு. நாற்காலியில் வந்து உட்காருவது நாம் நினைக்கிற ஆள்தான் என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். வேறு யாரோ வந்து உட்கார்ந்தாலும் கருவி எண்ணைக் காட்டும். எண் அழகாகத்தான் இருக்கும், தசமப் புள்ளியெல்லாம் வைத்து.

இன்சுலினுக்கு 51 அமினோ அமிலங்கள். ஆக்ஸிடோசினுக்கு ஒன்பது. ஆன்டிபாடி பிடித்துக்கொள்ள அதில் இடமே கொஞ்சம்தான். பெரிய புரதங்களை இரண்டு பக்கமும் இரண்டு ஆன்டிபாடி வைத்து இறுக்கிப் பிடித்து அளக்கலாம், இதில் அதற்கும் வழியில்லை. உடன்பிறப்பு மாதிரி வாசோபிரெஸின் என்று இன்னொரு ஹார்மோன் அதே ரத்தத்தில் ஓடுகிறது. ஒன்பதில் இரண்டே அமினோ அமிலங்கள்தான் வித்தியாசம். போதாததற்கு ஆக்ஸிடோசின் ரத்தத்தில் சில நிமிடங்களே உயிரோடு இருக்கும். அதன் உடைந்த துண்டுகளும் நாற்காலிக்கு வரும், பிளாஸ்மாவில் இருக்கும் சம்பந்தமில்லாத புரதங்களும் வரும்.

கர்ப்பிணியின் ரத்தம் என்றால் இன்னும் ஒரு படி கஷ்டம். நஞ்சுக்கொடி ஆக்ஸிடோசினேஸ் என்ற நொதியை உண்டாக்குகிறது. மாதம் ஏற ஏற அது ரத்தத்தில் பெருகும். ஆக்ஸிடோசினை அறுத்துப் போடுவதுதான் அதன் வேலை, அந்த வேலையை ரத்தம் எடுத்த குழாய்க்குள்ளும் அது நிறுத்தாது. குழாயில் தடுப்பு மருந்து போடாமல், பனிக்கட்டியில் வைக்காமல், உடனே சுழற்றிப் பிரிக்காமல் விட்டால் அளக்க வேண்டிய பொருள் மேசைமேலேயே கரைந்துபோகும். ஆக, எந்தப் பெண்ணின் பாசத்தை இந்த ஹார்மோனால் அளக்கிறோம் என்கிறார்களோ, அந்தப் பெண்ணின் ரத்தத்தில்தான் இதை அளப்பது எல்லாவற்றிலும் கடினம்.

இது தெரியாத ரகசியமும் இல்லை. 1970இல் டிம் சார்டும் மேரி ஃபார்ஸ்லிங்கும் இன்னும் சிலரும் சேர்ந்து, பிரசவ நேரத்துப் பெண்களின் ரத்தத்திலும் ஆடுகளின் ரத்தத்திலும் ஆக்ஸிடோசினை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே பிளாஸ்மாவிலிருந்து ஹார்மோனைப் பிரித்தெடுப்பது ஒரு பாதி. முதலில் பிரித்தெடு, பிறகு அள. அவ்வளவுதான் பாடம். அப்படிக் கவனமாக அளந்தவர்களுக்குக் கர்ப்பமில்லாத சாதாரண நேரத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒற்றை இலக்கப் பிகோகிராம்கள்தான் கிடைத்தன. ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

பிறகு கிட் வந்தது. பெட்டியில் 96 குழி வைத்த தட்டு, நான்கைந்து புட்டி, ஒரு விளக்கத் தாள். கதிரியக்கம் இல்லை, உரிமம் வேண்டாம், உளவியல் துறைக்காரர்கூட வாங்கி வைத்துக்கொள்ளலாம். 2000க்குப் பிறகு காதலர்கள், இளம் தாய்மார், தந்தையர், நாய் வளர்ப்போர் என்று யார் யார் ரத்தத்தையோ எச்சிலையோ அதில் ஊற்றினார்கள். அவற்றில் பல பிரித்தெடுக்கும் படியைத் தாண்டிவிட்டன. பிளாஸ்மாவை அப்படியே ஊற்றினால் கிடைக்கும் எண், நூற்றுக்கணக்கான பிகோகிராம்.

இதை ஏன் தாண்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நானே தாண்டியிருக்கிறேன். எம்.எஸ்சி. கடைசிப் பருவத்தில் என் புராஜெக்ட்டுக்கு வந்த குழாய்கள், பிரசவமாகி ஒரு நாள் இரண்டு நாளான பெண்களுடையவை. விடிகாலையில் வார்டுக்குப் போய் நானும்தான் எடுத்தேன். ஒருத்தி, "இத வெச்சு என்னம்மா பாப்பீங்க?" என்று கேட்டாள். ஹார்மோன் என்றேன். தலையாட்டிவிட்டுக் கையை நீட்டினாள். ஆய்வகத்தில் கைடு, பிரித்தெடுக்கும் வேலை வேண்டாம் என்றார். அதற்குத் தனிக் குழாய்கள் வாங்க வேண்டும், நிறைய பிளாஸ்மா செலவாகும், ஒரு நாள் வேலை கூடும். எல்லாவற்றையும்விட, பிரித்தெடுத்த பிறகு எண் மிகவும் சின்னதாகி, கிட் அளக்கக்கூடிய எல்லைக்குக் கீழே போய்விடும். "நம்பர் வராது" என்றார். விளக்கத் தாளிலேயே பிரித்தெடுக்கச் சொல்லியிருந்தது. ஆசைக்குச் சில மாதிரிகளை மட்டும் இரண்டு விதமாகவும் செய்து பார்த்தேன். எண் குறைந்தது பெரிய விஷயமில்லை, வரிசையே மாறிப்போனது. ஒரு முறையில் மேலே இருந்தவர் மறுமுறையில் கீழே. கைடு, பெரிய எண்களை வைத்து எழுது என்றார். எழுதினேன். மதிப்பெண் வந்தது. கை நீட்டிய பெண்ணை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

என் புராஜெக்ட் அலமாரியில் தூசியாகிவிட்டது, யாருக்கும் தீங்கில்லை. ஆனால் அதே கோளாறு அச்சேறிய ஆய்வுகளிலும் இருந்தது. 2011இல் மயாமியிலிருந்து ஏஞ்சலா செட்டோவும் கூட்டாளிகளும், ஒரே ரத்தத்தைப் பிரித்தெடுத்தும் பிரித்தெடுக்காமலும் அளந்து ஒப்பிட்டார்கள். பிரித்தெடுக்காத எண் நூறு மடங்குக்கும் மேல் பெரிதாக வந்தது. அதைவிட முக்கியம், இரண்டு எண்களுக்கும் தொடர்பே இல்லை. எடைக்கல் நூறு மடங்கு தப்பு என்றால்கூட நூறால் வகுத்துச் சமாளிக்கலாம். தொடர்பே இல்லையென்றால் அந்தத் தராசில் நிறுத்தது வேறு ஏதோ பொருள். 2013இல் மைக்கேல் மெக்கல்லா, பாட்ரிசியா சர்ச்லாண்ட், அர்மாண்டோ மென்டெஸ் மூவரும், மனித நடத்தையைப் பற்றிய ஆக்ஸிடோசின் தரவுகளை நம்ப முடியுமா என்று தலைப்பிலேயே கேட்டுக் கட்டுரை எழுதினார்கள். எடின்பரோவின் கேரத் லெங்கும் நான்சி சபாட்டியேயும் 2016இல் இன்னும் கறாராக, தங்கள் கட்டுரைத் தலைப்பில் உயிரிச் சோதனை, ஆன்டிபாடிச் சோதனை என்று வரிசையாகச் சொல்லி மூன்றாவதாக 'குருட்டாம்போக்கு எண்கள்' என்று முடித்தார்கள்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2016இல் நார்வேயிலிருந்து வந்த ஓர் ஆய்வு, ஆக்ஸிடோசினின் பெரும்பகுதி பிளாஸ்மாப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அந்தப் பிணைப்பை உடைத்து நிறைமாலைமானியில் அளந்தால் அளவு மிக அதிகமாக வருகிறது என்றது. ஆகவே பிரித்தெடுத்தால் கிடைப்பது சுதந்திரமாகத் திரியும் ஹார்மோன் மட்டுமே, மொத்தம் இல்லை என்று வாதிடுகிறார்கள். இருக்கலாம். ஆனால் அப்படி ஒட்டிக் கிடப்பது உடலில் ஏதாவது வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. எது சரியான அளவு என்பதிலேயே துறைக்குள் வழக்கு முடியவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம். வழக்கு முடியாத எண்ணை வைத்துத்தான் என் தங்கைக்குத் தீர்ப்பு சொன்னார்கள்.

ரத்தத்தில் சரியாகவே அளந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பாசம் கைக்கு வராது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பைத் தாண்டி ஆக்ஸிடோசின் மிகச் சொற்பமாகத்தான் போகிறது. ரத்தத்து அளவு மூளைக்குள் நடப்பதைச் சொல்லும் என்பது ஊகம். பிரசவத்திலேயே கூட அளவு மட்டும் கதையைச் சொல்வதில்லை. ஆன்னா ரீட்டா ஃபுக்ஸும் கூட்டாளிகளும் 1982இல் காட்டியது, பிரசவம் நெருங்கும்போது கருப்பையில் ஆக்ஸிடோசின் ஏற்பிகள் பெருகுகின்றன என்பது. ஹார்மோன் கூடாமலே கருப்பை அதற்குக் கூர்மையாகக் காது கொடுக்க ஆரம்பிக்கிறது. 1996இல் ஆக்ஸிடோசின் மரபணுவையே நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவை குட்டி போட்டன, குட்டிகளைப் பராமரித்தன. பால் மட்டும் இறங்கவில்லை. தாயாக இருக்க அந்த எலிக்கு ஆக்ஸிடோசின் தேவைப்படவில்லை, குட்டிக்குப் பால் கிடைக்கத்தான் தேவைப்பட்டது. மனுஷி எலி இல்லைதான். ஆனால் எலியைக் காட்டி ஆரம்பித்தது நான் இல்லை.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். 1955இல் யாலோ ஆன்டிபாடி என்று ஒரு சொல் சொன்னதற்கு, இது ஆன்டிபாடிதான் என்று எப்படித் தெரியும், பாடநூல் இலக்கணப்படி நிரூபி என்று வரிந்துகட்டிக்கொண்டு கேட்டார்கள். கேட்டது தப்பில்லை. அறிவியல் அப்படித்தான் கேட்க வேண்டும், அந்தக் கேள்விகளால்தான் அவர் முறை இறுகியது. தாயின் பாசம் இத்தனை பிகோகிராம் என்று வந்தபோது அதே கேள்வியை ஏன் ஆண்டுக்கணக்காக யாரும் உரக்கக் கேட்கவில்லை? குழாயில் இருந்தது ஆக்ஸிடோசின்தானா, நீர்த்தால் எண் அதே விகிதத்தில் குறைகிறதா, தெரிந்த அளவைச் சேர்த்தால் அது முழுசாகத் திரும்பி வருகிறதா, நிறைமாலைமானியும் அதையே சொல்கிறதா? முதல் வருட மாணவிக்குத் தெரிந்த கேள்விகள் இவை. கேட்காததற்குக் காரணம், விடை ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும் என்ற நினைப்பு. பெத்த மனம் பித்து, தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும். பழமொழியோடு ஒத்துப்போகும் எண்ணை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. பழமொழிக்கு எதிரான எண் என்றால் பத்து முறை திருப்பி அனுப்புவார்கள்.

இதில் நம் பக்கத்தையும் விட்டுவைக்க முடியாது. 2000இல் ஷெல்லி டெய்லரும் சக ஆய்வாளர்களும், நெருக்கடியில் ஆண் சண்டை போடுவான் அல்லது ஓடுவான், பெண் பேணுவாள், நட்பு கொள்வாள் என்று ஒரு கோட்பாடு வைத்தார்கள். ஆதாரங்களில் ஆக்ஸிடோசினும் ஒன்று. நம் கூட்டங்களில் இதைப் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெண்ணின் பலம் ஹார்மோனிலேயே எழுதியிருக்கிறதாம். பிறகு அதே டெய்லர், உறவுச் சிக்கலில் தவிக்கும் பெண்களிடம் ஆக்ஸிடோசின் அதிகமாக இருப்பதாக 2006இல் எழுதினார். அன்பாக இருந்தாலும் கூடும், அன்பு கிடைக்காவிட்டாலும் கூடும் என்றால் அந்த எண்ணிலிருந்து என்னதான் தெரிந்துகொள்வது? புகழ்ச்சியாக வந்தாலும் 'பெண் இயல்பு' பெண் இயல்புதான். இன்று பேணுகிறவள் என்று மாலை போடுகிறவர்கள் நாளைக்குப் பேணாதவளைக் குறையுள்ளவள் என்பார்கள். அதே ஹார்மோன் ஆண் உடலிலும் சுரக்கிறது என்பதை இரண்டு தரப்பும் வசதியாக மறந்துவிடுகிறது.

நான் அளவீட்டுக்கு எதிரி இல்லை. அளக்க வேண்டியதை அளக்கவில்லை என்பதுதான் புகார். பிரசவ வார்டுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே ஆக்ஸிடோசின் பாசத்துக்காக ஓடவில்லை, வலி வர வைக்க ஓடுகிறது. எத்தனையோ வார்டுகளில் மருந்தைத் துல்லியமாகச் செலுத்தும் பம்ப் கிடையாது. டிரிப்ஸ் பாட்டிலின் சக்கரத்தைத் திருகி, சொட்டை எண்ணி, ஒரே செவிலியர் பத்துப் பேரைப் பார்க்கிறார். கருப்பை இடைவெளி விடாமல் இறுகினால் பிள்ளைக்கு மூச்சு குறையும், கருப்பை கிழியவும் கூடும். தேவையில்லாமல் வழக்கத்துக்காகப் பிரசவத்தை விரைவுபடுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வழிகாட்டியது. ஆம்பூலை 2 முதல் 8 டிகிரிக்குள் குளிரில் வைக்க வேண்டும். வெயிலில் நின்ற வண்டியில் வந்த ஆம்பூலில் மருந்து எத்தனை பங்கு மிச்சம் இருக்கிறது என்பது பிகோகிராம் கணக்கே இல்லை. சாதாரண மருந்துத் தர ஆய்வகத்திலேயே பார்த்துவிடலாம். உதிரம் நிற்காமல் கிடக்கும் பெண்ணுக்கு உயிர் போகிற கணக்கு அது. அதற்கு யாரும் 'அன்பு மூலக்கூறு' என்று புத்தகம் எழுதவில்லை.

இதே 2018இல் நம் ஒன்றிய அரசு என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். கறவை மாடுகளுக்கு ஆக்ஸிடோசின் ஊசி போட்டுப் பால் கறக்கிறார்கள் என்ற புகாரைக் காரணமாக்கி, உள்நாட்டுத் தேவைக்குத் தனியார் நிறுவனங்கள் இந்த மருந்தைத் தயாரிக்கக் கூடாது, கர்நாடகத்தில் உள்ள ஒரேயொரு அரசு நிறுவனம் மட்டும் தயாரிக்கலாம் என்று ஏப்ரல் 27ஆம் தேதி அறிவித்தது. அதோடு இறக்குமதிக்கும் தடை. நாட்டின் பிரசவ வார்டுகள் அனைத்துக்கும் ஒரே தொழிற்சாலை. மருந்து உரிமைக்காகப் பாடுபடும் அமைப்பும் உற்பத்தியாளர்களும் நீதிமன்றம் போனார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் டிசம்பர் 14ஆம் தேதி அந்த அறிவிப்பை ரத்து செய்தது. தடைக்கு அறிவியல் அடிப்படை இல்லை, மருந்து கிடைக்காமல் போனால் பிரசவித்த பெண்களுக்கு என்ன ஆகும் என்பதை அரசு எடைபோட்டுப் பார்க்கவே இல்லை என்றது தீர்ப்பு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மாட்டுக்கு ஊசி போட்டு மடியை வதைப்பது கொடுமைதான், தடுக்க வேண்டியதுதான். ஆனால் மாட்டை முன்னே நிறுத்திப் பிரசவித்தவளைக் கணக்கிலேயே எடுக்காத அந்தக் கோப்பில் எத்தனை பேர் கையெழுத்து போட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

என் தங்கைக்குத் திரும்புகிறேன். மூன்று வாரம் கழித்துப் பேசினாள். பிள்ளை ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறான், மாமியார் ஊருக்குப் போய்விட்டார், வீட்டுக்காரருக்கு லீவு முடிந்துவிட்டது. தூங்கி எத்தனை நாள் என்று கேட்டேன். எண்ணிப் பார்த்துச் சொன்னாள். அவள் சொன்னதில் அளந்து பார்க்கத் தகுந்த எண் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். பிறகு, டிஸ்சார்ஜ் தாளை எடுத்து மருந்துப் பட்டியலை வாசி என்றேன். ஆன்டிபயாடிக் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள், வலி மாத்திரையைப் படித்தாள். அதற்கு மேலே, ஆபரேஷன் குறிப்பில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். சிசேரியனில் பிள்ளையை எடுத்ததும் கருப்பை சுருங்க அந்த ஊசி போடுவது வழக்கம். எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

"இன்ஜெக்‌ஷன்..." என்று இழுத்தாள். "ஆக்ஸிடோசின். இதுவாக்கா அது?"

அதேதான் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்த வகுப்புக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா என்று கேட்டாள்.